உண்மை சொன்னால் வேலை போகும்

மலையாளத் திரையுலகப் பெண்கள் மனம் திறந்து சொன்னவை நாலரை ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் பூட்டிக் கிடந்தன. வெளியே வந்த பிறகும் வழக்குகள் நிற்கவில்லை. பாதுகாப்பு வேண்டுமானால் முதலில் பெண்ணே புகார் கொடுக்க வேண்டும் என்று சட்டம் காத்திருப்பதுதான் சிக்கல்.

2019-ம் ஆண்டின் கடைசி நாள். ஊர் புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, கேரள உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.ஹேமா, திருவனந்தபுரத்தில் முதல்வர் பினராயி விஜயனிடம் ஓர் அறிக்கையை ஒப்படைத்தார். மலையாள சினிமாவில் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்வதற்காக 2017 ஜூலையில் நியமிக்கப்பட்ட கமிட்டி அது. உடன் இருந்த உறுப்பினர்கள் இருவர். ஒருவர் 'துலாபாரம்' மூலம் தமிழர்களும் நன்கறிந்த நடிகை சாரதா. மற்றவர் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கே.பி.வத்சலகுமாரி. அரசுக்கு ஆன செலவு ஒரு கோடி ரூபாய்க்கு மேல்.

அதன் பிறகு நடந்தது ஒன்றுமில்லை. பத்திரிகைகள் கேட்டன, எதிர்க்கட்சிகள் கேட்டன, கமிட்டி முன்னால் போய்ப் பேசிய பெண்களே கேட்டார்கள். ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று நீதிபதி ஹேமா எழுதிய கடிதத்தைக் காரணம் காட்டி, அரசு அறிக்கையை வெளியிடாமல் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் செய்தியாளர்கள் போராடினார்கள். 2024 ஜூலையில் மாநிலத் தகவல் ஆணையம் வெளியிடச் சொல்லி உத்தரவிட்டது. ஒரு தயாரிப்பாளர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. கடைசியில் 2024 ஆகஸ்ட் 19 அன்று, பெயர்களும் அடையாளங்களும் நீக்கப்பட்ட நிலையில் அறிக்கை வெளியே வந்தது. கொடுத்த நாளிலிருந்து 4 ஆண்டு, 7 மாதம், 19 நாள்.

இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் இருந்தது என்ன? அரசல்புரசலாக எல்லோரும் அறிந்திருந்ததுதான். ஆனால் ஒரு நீதிபதியின் வார்த்தையில் அதைப் படிக்க நேர்ந்தபோது கேரளம் ஆடிப்போயிற்று.

சுரண்டல்கள் 17 வகை என்று கமிட்டி கணக்கிட்டிருந்தது. வாய்ப்புக்கு விலையாக உடலைக் கேட்பது முதலாவது. வெளியூர்ப் படப்பிடிப்பின்போது தங்கும் விடுதியில் இரவு நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. தனியாகத் தங்க அஞ்சி, பெண்கள் பெற்றோரையோ உறவினரையோ துணைக்கு அழைத்து வருகிறார்கள். ஊதியம் வாய்ப்பேச்சாகவே முடிவாகிறது. எழுத்து ஒப்பந்தம் கிடையாது. எதிர்த்துப் பேசினால் அறிவிக்கப்படாத தடை. சுமார் 15 பேர் அடங்கிய ஓர் அதிகார வட்டம், யார் நடிக்கலாம் யார் நடிக்கக்கூடாது என்று தீர்மானிப்பதாகவும் கமிட்டியிடம் சொல்லப்பட்டது. இந்தத் தடைக்கு ஆண் கலைஞர்களும் தப்பவில்லை.

இவை எல்லாவற்றையும்விட மனதைத் தைப்பது ஒரு சிறிய விஷயம். படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையோ, உடை மாற்ற மறைவிடமோ இல்லை. காட்டிலும் வெட்டவெளியிலும் நாள் முழுக்க வேலை. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள். அதிகம் அவதிப்படுகிறவர்கள் துணை நடிகைகள். எந்தச் சங்கத்திலும் பெயர் இல்லாத, ஏஜெண்டு கூப்பிட்டால் வந்து நிற்கிற பெண்கள்.

எழுத்தறிவிலும் பெண்களின் நிலையிலும் முன்னணியில் இருக்கும் மாநிலம் கேரளம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 1,000 ஆண்களுக்கு 1,084 பெண்கள். பெண்களில் 92 சதவீதம் பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். படித்த பெண், வேலைக்குப் போகும் பெண், சட்டம் தெரிந்த பெண். அவளாலேயே வாய் திறக்க முடியவில்லை என்றால் மற்ற இடங்களில் என்ன நிலைமை என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

முதல் நாயகியின் கதி

மலையாள சினிமா பிறந்த ஊர் திருவனந்தபுரம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி.டேனியல், சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்' என்ற மௌனப்படம் 1930 வாக்கில் அங்குள்ள காபிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. கதாநாயகி பி.கே.ரோஸி. புலையர் சமூகத்தைச் சேர்ந்த, கூலி வேலையும் நாட்டுப்புற நாடகமும் அறிந்த பெண். படத்தில் அவர் ஏற்றது ஒரு நாயர் பெண்ணின் வேடம்.

அதை மேல்சாதியினர் பொறுத்துக்கொள்ளவில்லை. தான் நடித்த படத்தின் திறப்பு விழாவில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. திரையின் மீது கல் பறந்தது. அவருடைய குடிசைக்குத் தீ வைக்கப்பட்டதாகவும், இரவோடிரவாக ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பியதாகவும் பின்னாளில் அவர் வாழ்க்கையைத் தேடியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு, சினிமாவின் பேச்சே எடுக்காமல் தமிழ்நாட்டில் ராஜம்மாளாக அவர் வாழ்ந்து முடித்தார். டேனியலின் பெயரால் கேரள அரசு 1992 முதல் உயரிய திரை விருது வழங்குகிறது. ரோஸியின் பெயரை 2019-ல் ஒரு திரைப்படச் சங்கத்துக்குச் சூட்டியவர்கள், மலையாள சினிமாவின் பெண் கலைஞர்கள்.

ரோஸி யார் மீதும் புகார் சொல்லவில்லை. ஆனாலும் ஒரே நாளில் வீடும் பிழைப்பும் ஊரும் போயின. ஒரு பெண்ணை வாயடைக்க அவளுடைய தொழிலைப் பறித்தால் போதும் என்பது அந்தத் திரையுலகம் தன் முதல் படத்திலேயே கற்ற பாடம்.

கூட்டணியும் விலையும்

இன்றைய கதை 2017 பிப்ரவரி 17 இரவு தொடங்கியது. கொச்சி நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு முன்னணி நடிகை ஓடும் வாகனத்தில் கடத்தப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். மிரட்டுவதற்காக அது படமும் பிடிக்கப்பட்டது. மானம் போய்விடும் என்று அஞ்சி அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அவர் நேராகப் போலீசில் புகார் கொடுத்தார்.

அந்த ஒரு புகார் மற்றவர்களுக்கும் துணிவு தந்தது. ரேவதி, பார்வதி, மஞ்சு வாரியர், ரீமா கல்லிங்கல், எடிட்டர் பீனா பால், இயக்குநர் அஞ்சலி மேனன் போன்றோர் கூடி 'சினிமாவில் பெண்கள் கூட்டணி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2017 மே மாதம் திருவனந்தபுரம் வந்து முதல்வரிடம் மனு கொடுத்தார்கள். ஹேமா கமிட்டி பிறந்தது அப்படித்தான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட நடிகர் திலீப்பை மீண்டும் சேர்த்துக்கொள்ள நடிகர் சங்கமான 'அம்மா' 2018 ஜூனில் முடிவெடுத்தபோது, பாதிக்கப்பட்ட நடிகை உட்பட நால்வர் ராஜினாமா செய்தார்கள். கூட்டணியில் இருப்பவர்களுக்கு வாய்ப்புகள் குறைந்ததாக அதன் உறுப்பினர்கள் பலர் பகிரங்கமாகவே சொன்னார்கள். இணையத்தில் ரசிகர் படைகளின் வசவு தனி.

2022 மார்ச் 18 அன்று திருவனந்தபுரம் நிஷாகந்தி அரங்கில் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. எதிர்பாராத விருந்தினராகப் பாதிக்கப்பட்ட நடிகையே மேடையேறினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாக அவர் மலையாளப் படங்களில் நடிக்காமல் இருந்தார்.

கலைந்த வழக்குகள்

அறிக்கை வெளியானதும் புயல் வீசியது. நடிகைகள் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினார்கள். அரசின் திரைப்பட அகாதெமித் தலைவரும் 'அம்மா'வின் பொதுச் செயலாளரும் 2024 ஆகஸ்ட் 25 அன்று பதவி விலகினார்கள். இருவருமே குற்றச்சாட்டுகளை மறுத்தனர். இரண்டு நாளில் 'அம்மா'வின் செயற்குழுவே கலைந்தது. தலைவர் மோகன்லாலும் விலகினார். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. இத்தனை ஆண்டு அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று உயர் நீதிமன்றம் அரசைச் சாடியது. முழு அறிக்கையையும் போலீசிடம் கொடுக்கவும், குற்றம் நடந்ததாகத் தெரியும் வாக்குமூலங்களின் மீது வழக்குப் பதியவும் உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட மறுத்தது.

முப்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. ஆனால் கமிட்டியிடம் மணிக்கணக்கில் பேசிய பெண்கள், போலீஸ் வந்து கேட்டபோது பேச முன்வரவில்லை. ஆய்வுக்கு உதவட்டும் என்றுதான் பேசினேன், வழக்குப் போட அல்ல என்று ஒரு நடிகை உச்ச நீதிமன்றம் வரை போனார். யாரையும் வற்புறுத்தி வாக்குமூலம் வாங்க முடியாது. கடைசியில் 2025 ஜூனில், சாட்சிகள் ஒத்துழைக்காததால் அந்த வழக்குகளைத் தொடர முடியவில்லை என்று புலனாய்வுக் குழு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

'பார்த்தீர்களா, எல்லாம் பொய்' என்று சிலர் எக்களித்தார்கள். ஆனால் அந்தப் பெண்களின் இடத்தில் இருந்து யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ரகசியம் காப்போம் என்ற வாக்குறுதியின் பேரில் பேசியவர்கள் அவர்கள். அந்த வாக்குறுதி இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. அதே வாக்குறுதியால்தான் அந்த உண்மை நீதிமன்றத்தில் சாட்சியமாக முடியவில்லை.

புகார் கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2017 வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். நீதிமன்றத்தின் காவலில் இருந்த மெமரி கார்டு அனுமதியின்றித் திறக்கப்பட்டிருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. விசாரணை கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. 2025 டிசம்பரில் எர்ணாகுளம் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட திலீப் விடுவிக்கப்பட்டார். உடனடியாகப் புகார் கொடுத்த, புகழும் ஆதரவும் கொண்ட ஒரு நடிகைக்கே இத்தனை நெடிய பாதை. அன்றாடக் கூலிக்கு வரும் துணை நடிகை எந்தத் தைரியத்தில் கோர்ட் படியேறுவார்?

கமிட்டி இருக்கிறது, ஆனால்...

சட்டம் இல்லாமல் இல்லை. அது பிறந்ததே ஓர் உழைக்கும் பெண்ணின் துயரத்திலிருந்து. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992-ல் கும்பல் வன்முறைக்கு ஆளானார். விசாரணை நீதிமன்றம் 1995-ல் குற்றவாளிகளாகக் கூறப்பட்டோரை விடுவித்தது. கொதித்தெழுந்த மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அது முழுச் சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவர், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்வோரும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

சினிமாவில் முதலாளி யார் என்பதிலேயே குழப்பம். பெண்கள் கூட்டணி தொடுத்த வழக்கில், ஒவ்வொரு படத்தின் தயாரிப்பு யூனிட்டும் தனித்தனி வேலையிடம்தான், ஒவ்வொன்றிலும் குழு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 17 அன்று தீர்ப்பளித்தது. இந்திய சினிமாவுக்கே வழிகாட்டும் தீர்ப்பு அது.

ஆனால் ஒரு படத்தின் ஆயுள் சில மாதம். படம் முடிந்தால் யூனிட் கலைந்துவிடும். குழுவை அமைப்பவர் தயாரிப்பாளர். உறுப்பினர்கள் அவரிடம் வேலை பார்ப்பவர்கள். குற்றம்சாட்டப்படுபவர் படத்தின் வியாபாரத்தையே தாங்கும் நட்சத்திரமாக இருந்தால்? இத்தகைய குழுக்களை அதிகாரம் உள்ளவர்கள் வளைத்துவிடுவார்கள் என்பது ஹேமா கமிட்டியின் கணிப்பு. அதனால்தான் திரையுலகுக்கென்று தனிச் சட்டமும், அதன் கீழ் சுதந்திரமான ஒரு தீர்ப்பாயமும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

தமிழர்கள் இதை அண்டை வீட்டுச் சண்டையாகப் பார்க்க முடியாது. மலையாளப் படங்கள் பல பத்தாண்டுகள் தயாரானதே கோடம்பாக்கத்தில்தான். நடிகைகளும் தொழிலாளர்களும் இன்றும் இரண்டு பக்கமும் போய்வருகிறார்கள். 2018-ல் பாலியல் புகார் எழுப்பிய பின்னணிப் பாடகி சின்மயி, சில வாரங்களில் டப்பிங் சங்க உறுப்பினர் தகுதியை இழந்தார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். கேரளத்துப் புயலுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் தென்னிந்திய நடிகர் சங்கம் நடிகை ரோகிணி தலைமையிலான தன் குழுவைக் கூட்டியது. குற்றம் நிரூபணமானால் ஐந்து ஆண்டு தொழில்தடைக்குப் பரிந்துரைப்பதாகவும், பாதிக்கப்பட்டோருக்குச் சட்ட உதவி தருவதாகவும் தீர்மானம் போட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அங்கும் முதலில் ஒரு பெண் வந்து புகார் சொல்லியாக வேண்டும்.

சட்டம் முதலில் போகட்டும்

கழிப்பறை வேண்டும் என்று ஒரு தொழிலாளி தன் முதலாளி மீது புகார் கொடுக்கும் வரை சட்டம் காத்திருப்பது நியாயமா? 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் அப்படிக் காத்திருக்கவில்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம் என்றது; போய்ப் பார்க்க இன்ஸ்பெக்டரை நியமித்தது. கழிப்பறை இல்லையென்றால் அவர் கேள்வி கேட்பார்; எந்தப் பெண்ணின் பெயரும் வெளியே வரவேண்டியதில்லை. திரைத் தொழிலாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று நாடாளுமன்றம் 1981-லேயே சட்டம் இயற்றியது. அதை யாரும் போய்ச் சரிபார்க்காததால் ஏட்டோடு நின்றது.

செய்ய முடியும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் 10, 12 மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்த விற்பனைப் பெண்கள், கோழிக்கோட்டு தையல்காரப் பெண் பி.விஜி போன்றோரின் தலைமையில் போராடினார்கள். 2018-ல் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. உட்கார இருக்கை கட்டாயமாயிற்று. இரவு வேலை முடிந்து பெண்கள் வீடு போய்ச் சேர வாகன வசதியும் முதலாளியின் பொறுப்பாயிற்று. தமிழ்நாடும் 2021-ல் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. நாற்காலி இருக்கிறதா இல்லையா என்பதற்குச் சாட்சி தேவையில்லை. பார்த்தாலே தெரியும்.

திரையுலகிலும் இதே வழியில் செய்யக்கூடியவை பல. கையெழுத்தான ஒப்பந்தங்கள், புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர், தங்குமிடம், வாகனம், கழிப்பறை ஏற்பாடு ஆகியவற்றைக் காட்டினால்தான் படப்பிடிப்புக்கு அனுமதி என்று விதி வைக்கலாம். அரசு மானியத்தையும் விருதையும் அதோடு இணைக்கலாம். துணை நடிகைகளை ஏஜெண்டின் நோட்டுப் புத்தகத்திலிருந்து அரசுப் பதிவேட்டுக்குக் கொண்டுவரலாம். தீர்ப்பாயம் அமைந்தால், ஒரு படத்தின் யூனிட் கலைந்த பிறகும் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கும். புகார் கொடுத்தவருக்கு அடுத்த படங்களில் வேலை மறுக்கப்பட்டால் அதையே தனிக் குற்றமாக்கலாம்.

மாற்றத்தின் சாயல் தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் திருவனந்தபுரத்தில் கேரள அரசு திரைக்கொள்கை மாநாடு நடத்தியது. அதே மாதம் 15-ம் தேதி 'அம்மா'வின் முதல் பெண் தலைவராக நடிகை சுவேதா மேனன் தேர்வானார். பொதுச் செயலாளர் பதவிக்கும் ஒரு பெண்ணே வந்தார். அவர் குக்கு பரமேஸ்வரன். தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் 'அம்மா'வுக்கு ஒரு பெண் தலைவர் கிடைத்திருக்கிறார்.

சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 'அன்றே ஏன் சொல்லவில்லை?' என்பது எந்தப் பெண் வாய் திறந்தாலும் முதலில் பாயும் கேள்வி. சொன்னால் வேலை இருக்குமா என்ற அவளுடைய கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஹேமா கமிட்டியின் அறைக்குள் சில மணி நேரம் அந்தப் பயம் இல்லாமல் இருந்தது. அதனால்தான் 17 வகைச் சுரண்டலும் வெளியே வந்தன. அந்த அறைக்கு வெளியேயும் அதே நிலை வந்தால்தான் அடுத்த புகார் வழக்காகும். வழக்கு தீர்ப்பு வரை போகும். அதுவரை ஒவ்வொரு படப்பிடிப்புத் தளத்திலும் கழிப்பறை இருக்கிறதா, ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதா, அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று போய்ப் பார்க்க ஓர் அதிகாரியாவது வேண்டும்.